பக்கத்துத் தக்கை

அந்தக் கல்லில் வேண்டாம், இந்தப் பக்கம் தள்ளி உட்காருங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். உட்காரக்கூடாது என்று யாரும் எழுதிவைக்கவில்லை. கதவணை கட்டியபோது கரை அரிக்காமல் இருக்கப் பாவிய கல் அது, யாருடைய சொத்தும் இல்லை. ஆனால் அதில் ஒருவர் உட்காருவார். உட்காருவார் என்றால், ஆடி மாதம் வரைக்கும் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு வரவில்லை. இப்போது ஐப்பசி பாதி போய்விட்டது.

சரி, தூண்டிலைப் போட்டுவிட்டீர்கள். இருங்கள், எழுந்திருக்க வேண்டாம். இப்போது இடம் மாறினால் உங்களுக்கும் மீன் கலையும், எனக்கும் கலையும். அவர் வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். வரப்போவதில்லை.

உங்கள் தக்கை படுத்துக் கிடக்கிறது பாருங்கள். ஈயக் குண்டு ஆற்றுத் தரையில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். தக்கையை முள்ளுப் பக்கமாக ஒரு சாண் இறக்குங்கள், நிமிர்ந்துவிடும். ஆம், அப்படித்தான். தலை மட்டும் வெளியே தெரிய நிற்க வேண்டும். ரொம்ப மிதந்தால் மீனுக்கு இழுக்கக் கனமாக இருக்கும். மாவை வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பிவிடும். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கேட்காமலே சொல்வது என் பழக்கம். அது நல்ல பழக்கமா கெட்ட பழக்கமா என்று இப்போதெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசிப்பதற்குத்தான் நேரம் இருக்கிறது. பக்கத்தில் பேச ஆள் இல்லாத கரையில் ஒரு மனிதன் வேறு என்ன செய்வான்?

என் பெயர் அங்கமுத்து. மேலே மெயின் ரோட்டில் எடை மேடை இருக்கிறதே, லாரிகள் வரிசையாக நிற்குமே, அங்கே வேலை. லாரி மேடையில் ஏறும், பெட்டியில் எண் வரும், சீட்டை அடித்துக் கொடுப்பேன். டிரைவர்கள் ஜன்னலில் தலையை நீட்டி, கொஞ்சம் பார்த்துப் போடுங்கண்ணா என்பார்கள். பார்த்துத்தான் போடுகிறேன். பெட்டியில் என்ன தெரிகிறதோ அதைத்தான் பார்க்கிறேன், அதைத்தான் போடுகிறேன். என் தலை நரைத்ததே அந்த ஜன்னலுக்குப் பின்னால்தான். ஒரு சீட்டில்கூட நான் பார்க்காத எண்ணைப் போட்டதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கதைக்கு இது தேவைப்படுகிறது, அதனால் சொல்கிறேன்.

பாலத்து முனையில் சரசக்கா டீக்கடை இருக்கிறது, வரும்போது பார்த்திருப்பீர்கள். வெயில் ஏறியதும் இந்தக் கரையில் இருக்கிறவர்கள் எல்லோரும் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு அங்கே போய்விடுவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதுதான் எங்களுக்குப் பாதி மீன்பிடிப்பு. யாருக்கு என்ன பட்டது, எந்த மாவுக்குப் பட்டது, எவ்வளவு ஆழம், தக்கை எப்படிப் போனது, எல்லாம் அங்கே பேசியாக வேண்டும். ஜிலேபிக் கெண்டை என்றால் தக்கை தலையாட்டும், டக் டக்கென்று. கெளுத்தி என்றால் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு ஓடும். பெரிய கட்லா வேறு மாதிரி. தக்கை சும்மா நிற்கும், ஏதோ யோசிப்பது போல நிற்கும், பிறகு ஓசையில்லாமல் கீழே போகும். ஒவ்வொருவனும் டீ கிளாஸில் விரலை விட்டு அதை நடித்துக் காட்டுவான். சரசக்கா, "கிளாஸைக் கழுவுறது நானு" என்று திட்டும். குப்புராஜ் என்று ஒருத்தன், மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிறவன், அவனுக்கு மட்டும் எந்தத் தண்ணீரிலும் மீன் படும். போன மாதம் பழைய பரோட்டாவைப் பிசைந்து போட்டு ரோகு எடுத்தான். கேட்டால், சால்னாவும் கொஞ்சம் சேர்த்தேன் என்கிறான். அடுத்த வாரம் கரை முழுக்கச் சால்னா வாசனை. இரண்டு பேருக்கு ஆமை மாட்டியதுதான் மிச்சம்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பிடித்த மீனைப் பிடித்தவனே சொல்லலாம். பையில் மீன் கிடக்கிறது, கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போன மீனைப் பறிகொடுத்தவன் சொல்லக்கூடாது. அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன்தான் சொல்ல வேண்டும். யார் ஆரம்பித்தது என்று தெரியாது. காரணம் மட்டும் தெரியும். அறுந்த மீன் கரையில் முழங்கை நீளம் இருக்கும், பாலத்தில் ஏறுவதற்குள் இடுப்பளவு ஆகிவிடும். அதற்காகப் போட்ட கட்டுப்பாடு. எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் அது. அறுத்துக்கொண்டவன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பான், பக்கத்துக்காரன் எழுந்து சொல்வான். அவன் சொன்னால் அது நடந்தது. சொல்லாவிட்டால் நடக்கவில்லை.

அதனால் இந்தக் கரையில் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை. என் பக்கத்தில் நல்லசிவம் உட்கார்ந்தான்.

டெய்லர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கடை. வெள்ளைச் சட்டை தைப்பதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை என்று சொல்வார்கள். என் மகள் கல்யாணத்துக்கு எனக்கு அவன்தான் தைத்தான். நாங்கள் இருவரும் ஒரே வயது, வா போ என்றுதான் பேச்சு. அவன் வாய் ஓயாது. எனக்குப் பேச்சு குறைவு. இப்போது பேசுகிறேனே என்று பார்க்காதீர்கள், இது வேறு. அவன் பேசிக்கொண்டே இருப்பான், நான் தக்கையைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். இப்படியே பல வருடம் போய்விட்டது.

எனக்கு ஒரு தடவை பெரியது ஒன்று அறுந்தது. நல்லசிவம்தான் டீக்கடையில் சொன்னான். எப்படிச் சொன்னான் தெரியுமா? பெஞ்சு மேல் ஏறி நின்றுகொண்டு சொன்னான். "கம்பு வளைஞ்சு நுனி தண்ணியைத் தொட்டுருச்சு. இவன் செருப்பு ஒண்ணு ஆத்தோட போகுது, அதைக்கூட இவன் கவனிக்கலை. நான் பார்த்தேன். மீன் ஒரு தடவை திரும்புச்சு பாரு, தண்ணிக்குள்ள யாரோ கதவைத் தொறந்த மாதிரி இருந்துச்சு." எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வாரம் முழுக்க லாரிக்காரர்கள் வரை விசாரித்தார்கள். நான் பிறகு அவனைத் தனியாகக் கூப்பிட்டு, அவ்வளவு பெரிதில்லையப்பா, செருப்பும் போகவில்லை, வார்தான் அறுந்தது என்று திருத்தினேன். அவன் சிரித்தான். சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

உங்கள் தக்கை ஆடுகிறது. விடுங்கள், அது நண்டு. மாவைச் சுரண்டுகிறது.

இந்த வருடம்தான் எல்லாம் கெட்டது. சித்திரையிலிருந்தே அவன் போக்கு சரியில்லை. முதலில் தக்கையை மாற்றினான். மயிலிறகுத் தண்டில் மெல்லிசாக ஒரு தக்கை வைத்திருப்பான், அவனே சீவியது, ஊசி போல நிற்கும். அதை விட்டுவிட்டுத் தெர்மாகோலில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒன்று செய்துகொண்டு வந்தான். ஆரஞ்சு பெயின்ட் வேறு. அடுத்த வாரம் அதைவிடப் பெரியது. இது தூண்டிலா, தேர்த் திருவிழாவா என்று கேட்டேன். நல்லாத் தெரியுதல்ல என்றான். மீனுக்கும் நன்றாகத் தெரியும் என்றேன். அதன் பிறகு முள் கட்டுவதை என்னிடம் நீட்ட ஆரம்பித்தான். "அங்கமுத்து, இதைக் கோத்துக் கொடு." ஒரு தடவை என்றால் சரி, ஒவ்வொரு தடவையும். துணி தைக்கிறவனுக்கு ஊசி கோக்கத் தெரியாதா? காலமெல்லாம் கடையில் ஆள் வைத்து வேலை வாங்கியவன், இங்கேயும் ஒரு ஆள் வைத்துக்கொண்டான் என்று நினைத்தேன். கோத்துக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கொடுத்தேன், அதையும் அவன் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். ஓயாமல் ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தான், அதைத்தான் தாங்க முடியவில்லை. "என் தக்கை என்ன பண்ணுது?" நாலு வார்த்தை பேசுவான், உடனே, என் தக்கை என்ன பண்ணுது? உன் தக்கையை நீ பார் என்பேன். மறுபடியும், "அங்கமுத்து, தக்கை நிக்குதா?" தூண்டில் போடுவதே எதற்கு? அந்தத் தக்கையைப் பார்த்துக்கொண்டு வேறு எதையும் நினைக்காமல் இருப்பதற்கு. வாரம் முழுக்க லாரி, தூசி, ஹாரன். எனக்கு வேண்டியது ஒரே ஒரு தக்கை, என்னுடையது. இன்னொருவன் தக்கையையும் சேர்த்துப் பார் என்றால்? பார்க்காமலே, நிற்கிறது, நிற்கிறது என்று சொல்லப் பழகிவிட்டேன். பெரும்பாலும் நின்றுகொண்டுதான் இருந்தது.

இந்த வருடம் அவனுக்கு ஒரு மீன்கூடப் படவில்லை. பட்டிருக்கும், அவன் இழுக்கும் நேரத்தில் மீன் மாவைத் தின்றுவிட்டுப் போயிருக்கும். கவனம் இல்லை. மீனைக் கூட்டத் தவிட்டு உருண்டையை மட்டும் அள்ளி அள்ளி எறிவான், அதுவும் தக்கை ஒரு பக்கம், உருண்டை ஒரு பக்கம். குப்புராஜ் டீக்கடையில் அவனுக்குப் பந்தி என்று பேர் வைத்தான். "நல்லசிவண்ணன் வந்தா மீனுக்கெல்லாம் கல்யாணப் பந்திங்ணா. மொய் மட்டும் யாரும் வெக்கிறதில்லை." முதலில் நல்லசிவமும் சேர்ந்து சிரித்தான். அவன்தான் மற்றவர்களைக் கேலி செய்கிறவன், அவனுக்குக் கேலியைத் தாங்கத் தெரியும் என்று நினைத்தோம். வைகாசி போய் ஆனி வந்தது. பெஞ்சின் ஓரத்தில் உட்கார ஆரம்பித்தான். டீயைக் குடித்து முடிக்கும் முன்பே எழுந்துவிடுவான். ஒருநாள் பாலத்தில் ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தான். படியில் ஏறும்போது தோளைப் பிடிப்பது அந்த நாட்களில் அவனுக்குப் புதுப் பழக்கம். "ஒண்ணே ஒண்ணு பட்டாப் போதும்ப்பா. இவனுங்க முன்னாடி ஒண்ணே ஒண்ணு. அப்புறம் விட்டுறலாம்னு இருக்கறேன்" என்றான். எதை விடப் போகிறாய் என்று நான் கேட்கவில்லை. மீன் பிடிக்கிறவன் எல்லோரும் சொல்கிற பேச்சுதானே அது.

ஆடியில் ஒரு ஞாயிறு. மேலே அணையில் தண்ணீர் திறந்திருந்தார்கள், ஆறு டீ நிறத்தில் இருந்தது. இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அவன், இதே இடத்தில் நான். என் தக்கை லேசாக அசைந்தது. அசைந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, மூச்சு விட்ட மாதிரி. கட்லாவாக இருக்கலாம் என்று நினைத்தேன். உடம்பெல்லாம் கண்ணாக உட்கார்ந்திருந்தேன். அப்போது பக்கத்திலிருந்து குரல். "அங்கமுத்து, தக்கை எங்க? காணோமே?"

இருக்கிறது என்று சொன்னேன்.

திரும்பிப் பார்க்கவில்லை. எப்படித் திரும்புவது? என் தக்கை அந்த நிலையில் இருக்கும்போது? கடைசியாகப் பார்த்தபோது அவனுடையது இருந்தது. அதனால் இருக்கிறது என்றேன்.

பிறகு ரீல் கத்தியது. கத்தியது என்றால், அந்த மாதிரி சத்தத்தை நான் முன்பு கேட்டதில்லை. கல்லில் அவன் கால் வழுக்கும் சத்தம் கேட்டது. அவன் என்னவோ சொன்னான், என் பெயரைச் சொன்னானோ என்னவோ. நான் திரும்புவதற்குள் டப்பென்று அறுந்துவிட்டது. நரம்பு காற்றில் தொங்குகிறது, அவன் முழங்கால் ஒன்று தண்ணீரில் இருக்கிறது, இரண்டு கையாலும் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். முகமெல்லாம் சிரிப்பு. அறுத்துக்கொண்டவன் சிரித்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? "பாத்தியாப்பா? பாத்தியா?" என்று கேட்டான். கேட்டுக்கொண்டே இருந்தான்.

என் தூண்டிலில் விரல் நீளத்துக்கு ஒரு ஜிலேபி மாட்டியிருந்தது. திரும்ப விட்டுவிட்டேன்.

டீக்கடையில் அன்றைக்கு எல்லோரும் இருந்தார்கள். செய்தி எங்களுக்கு முன்னால் போய்விட்டிருந்தது, கரையில் தூரத்தில் இருந்தவர்கள் ரீல் சத்தத்தைக் கேட்டிருந்தார்கள். நல்லசிவம் ஓரத்தில் உட்காரவில்லை, நடு பெஞ்சில் உட்கார்ந்தான். ஈர வேட்டியோடு. டீயை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தான், வழக்கப்படி. அவன் சொல்லக்கூடாதே. குப்புராஜ்தான் ஆரம்பித்தான்.

"அங்கமுத்தண்ணா, நல்லசிவண்ணனுக்கு என்னமோ அறுந்துச்சாமே. சொல்லுங்க, கேப்போம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நல்லசிவமும் திரும்பினான். என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை, தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்தான். அந்த அலட்சியம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதற்காக நான் அப்படிச் சொல்லவில்லை. அது வேறு, இது வேறு.

"நான் பார்க்கலை" என்றேன்.

"பக்கத்துலதானுங்ணா இருந்தீங்க?"

"இருந்தேன். மீனைப் பார்க்கலை. கல்லுல கில்லுல மாட்டியிருக்கும்."

பிறகு குப்புராஜ் மெதுவாகக் கேட்டான், "கல்லு எத்தனை கிலோ இருக்குமுங்ணா?" கடையே சிரித்தது. சரசக்காவும் சிரித்தது. நல்லசிவம் டீ கிளாஸைப் பெஞ்சில் வைக்கப் போனான், பெஞ்சு இல்லாத இடத்தில் வைத்தான். கிளாஸ் உடைந்தது. அதற்கும் சிரித்தார்கள். அவன் எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டே வெளியே போனான். கோபத்தில் போகிறான் என்று நினைத்தோம். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் வரவில்லை.

நீங்கள் சொல்லுங்கள், நான் செய்தது தப்பா? பார்க்காததைப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? எடை மேடையில் உட்கார்ந்து தினமும் இதையே என்னிடம் கேட்டுக்கொள்கிறேன். பார்த்தாயா? பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று சொன்னாயா? சொன்னேன். பிறகென்ன? முடிந்தது. கணக்கு நேராகிவிடுகிறது. அடுத்த லாரி மேடையில் ஏறுவதற்குள் மறுபடியும் முதலிலிருந்து கேட்கிறேன். ஒரே ஒரு இடத்தில்தான் இடறுகிறது. கல் என்று ஏன் சொன்னேன்? கல்லையும்தான் நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை கூடுதல். அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆவணியில் அவன் கடைக்குப் போனேன். கடையில் வேறு ஒருவர் மெஷினில் உட்கார்ந்திருந்தார். கடையைக் கைமாற்றிவிட்டானாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கதை எல்லாம் பேசினான், இதைச் சொல்லவில்லை. அல்லது சொன்னானோ? அவன் பேசும்போது நான் முழுதாகக் கேட்டேன் என்று சொல்ல முடியாது. அங்கிருந்து வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி ருக்குமணி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தது. வாங்கண்ணா என்றது, நாற்காலி போட்டது, ஆனால் பழைய முகம் இல்லை.

"சர்க்கரை கண்ணுக்கு வந்துருச்சுங்ணா. கோயமுத்தூருக்குப் போயி கண்ணுக்குள்ள ஊசி போட்டுட்டு வர்றோம். சித்திரையில இருந்தே இப்பிடித்தான். எல்லாம் புகையாட்டம் தெரியுதுங்கறாங்க. உங்களுக்குத் தெரியும்னு இல்ல நான் நெனைச்சிட்டு இருந்தேன்? அங்கமுத்து பக்கத்துல இருக்கறான், அவன் பாத்துக்குவான்னு சொல்லிட்டுத்தான் ஒவ்வொரு வாரமும் வருவாங்க."

எனக்கு எப்படித் தெரியும்? யாராவது சொன்னால்தானே தெரியும். என் கண்ணெதிரே ஒன்று நடந்தால் நான் பார்த்திருக்க மாட்டேனா? அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒன்று தோன்றியது. கண்ணே சரியாகத் தெரியாதவன், அன்றைக்கு அந்த மீனை மட்டும் எப்படிப் பார்த்தான்? அப்படியென்றால் நான் சொன்னது சரிதானே? கல்லாகவே இருந்திருக்கலாமே? இதை நான் அவனிடமே கேட்டேன். ஆமாம், அன்றைக்கே, அவன் வீட்டிலேயே. உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தான், கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். நான் வந்ததைக் குரலை வைத்துத்தான் தெரிந்துகொண்டான். காபி வந்தது. மழை பற்றிப் பேசினோம். அப்புறம் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாதோ என்னவோ. மனதில் வைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது.

அவன் கோபப்படவில்லை. "கண்ணுல பார்க்கலைப்பா. கையில தெரிஞ்சுது" என்றான்.

அப்படியென்றால் நான் சொன்னதில் என்ன தப்பு என்றேன்.

"தப்புன்னு யாரு சொன்னா?" காபி டம்ளரைக் கையால் தடவித் தேடி எடுத்தான். "நீ என் பக்கத்துல இருக்கறேன்னு நினைச்சுட்டு இருந்தேன், அவ்வளவுதான்."

நான் இருந்தேனே. பக்கத்தில்தானே இருந்தேன். இந்தக் கல்லுக்கும் அந்தக் கல்லுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று நீங்களே பாருங்கள். கையை நீட்டினால் தொடலாம். காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது கண் எப்படி இருக்கிறதா? தெரியவில்லை. அன்றைக்கு அதை நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அதற்குப் பிறகு டீக்கடைக்குப் போகிறேன், போகாமல் இல்லை. ஆனால் என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. வேண்டுமென்று செய்கிறார்கள் என்று சொல்ல முடியாது. குப்புராஜ் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னான், உங்க பக்கத்துல உக்காந்தா எங்க மீனெல்லாம் கல்லாப் போயிருமுங்ணா என்று. சிரிப்புக்குத்தான் சொன்னான். ஆனாலும் யாரும் வந்து உட்காரவில்லை. புரட்டாசியில் எனக்கு ஒன்று அறுந்தது, சுமாரானதுதான். டீக்கடையில் என்ன ஆச்சு என்று கேட்டார்கள். நான் சொல்லக்கூடாதே. பக்கத்தில் யாருமில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். நடக்காத மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் சொன்னேன். மீன் எங்கே என்று கேட்டுவிட்டு என் மனைவி டிவியைப் பார்க்கப் போய்விட்டாள்.

அதனால்தான் நீங்கள் வந்து உட்கார்ந்ததும் முதலில் வேண்டாம் என்றேன், பிறகு இருங்கள் என்றேன். இரண்டும் என் வாயிலிருந்துதான் வந்தது. எது நிஜம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

என்ன, முள் போய்விட்டதா? நண்டு கடித்திருக்கும். கட்டத் தெரியுமா? நான் வேண்டுமானால்... சரி, நீங்களே கட்டுங்கள். நரம்பின் நுனியைப் பல்லால் பிடித்துக்கொண்டு, ஐந்தாறு சுற்று சுற்றி...

பொறுங்கள்.

என் தக்கையைப் பாருங்கள். நிற்கிறது. சும்மா நிற்கிறது. இந்த மாதிரி நின்றால்...

போய்விட்டது, உள்ளே போய்விட்டது, பாருங்கள், ஐயோ, இது வேறு, இது சாதாரணமானது இல்லை, ரீலைப் பாருங்கள், நிற்கவே மாட்டேன் என்கிறது...

அறுந்துவிட்டது.

உட்காருகிறேன். ஒன்றுமில்லை, வயசு. நரம்பைப் பாருங்கள், எப்படிச் சுருண்டு வந்திருக்கிறது. என்ன மீனா? நானும் பார்க்கவில்லை. தண்ணீருக்கு மேலே வரவே இல்லை. கையில் தெரிந்தது, அவ்வளவுதான். இரண்டு தடவை தலையை ஆட்டியது. கல் தலையை ஆட்டாது.

நீங்கள் பார்த்தீர்களா?

என்ன சொன்னீர்கள்? இன்னொரு தடவை சொல்லுங்கள்.

"பார்த்தேனுங்க. பெரிய மீனுங்க."

நீங்கள் பார்க்கவில்லை. உங்கள் உதட்டில் இன்னும் நரம்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் குனிந்து முள் கட்டிக்கொண்டிருந்தீர்கள். என் தக்கை உள்ளே போனபோதும் குனிந்திருந்தீர்கள், அறுந்த பிறகுதான் நிமிர்ந்தீர்கள். அந்த நேரத்தில்கூட ஓரக்கண்ணால் உங்களைப் பார்த்தேன், யாராவது பார்க்கிறார்களா என்று. எனக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் யார், எந்த ஊர், என்னைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? அரை நாளாக ஒரு கிழவனின் புலம்பலைக் கேட்டீர்கள். இருந்தாலும் பெரிய மீன் என்று சொல்லிவிட்டீர்கள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அவ்வளவு சுலபமா அது?

இல்லை, இல்லை, கோபம் இல்லை. சும்மா கேட்டேன். தண்ணீர் இருந்தால் கொஞ்சம் கொடுங்கள்.

வெயில் ஏறிவிட்டது. எல்லோரும் சுருட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அதோ குப்புராஜ் கையை ஆட்டுகிறான், ரீல் சத்தம் அவன் காதில் விழுந்திருக்கும். டீக்கடையில் உங்களைத்தான் கேட்பார்கள். நீங்கள் எழுந்து சொன்னால் எல்லோரும் நம்புவார்கள், புது ஆள், பொய் சொல்ல உங்களுக்கு என்ன காரணம்? ஆனால் இன்றைக்கு டீக்கடை வேண்டாம். உங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லையென்றால் என்னோடு ஒரு இடத்துக்கு வாருங்கள். தூரமில்லை, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டாவது தெரு. காபி நன்றாக இருக்கும். நல்லசிவம் வீடு.

எதற்கா? என் மீன் அறுந்துவிட்டது. அதை அவனிடம் யாராவது சொல்ல வேண்டும். நான் சொல்லக்கூடாது, வழக்கம் இல்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான், எப்படிப் போச்சு, எந்தப் பக்கம் இழுத்துச்சு என்று ஒவ்வொன்றாகக் கேட்பான். தக்கை என்ன பண்ணுச்சு என்று கட்டாயம் கேட்பான். நின்று யோசித்தது என்று சொல்லுங்கள். பெரிதா என்று கேட்டால் உங்களுக்குத் தோன்றியதைச் சொல்லுங்கள், கூட்டிச் சொன்னாலும் நான் திருத்தமாட்டேன்.

கம்பை இப்படிக் கொடுங்கள், நான் எடுத்துவருகிறேன். இந்தப் படியில் பார்த்து ஏறுங்கள், பாசி இருக்கிறது. வேண்டுமானால் என் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும். பார்க்கவில்லை என்று மட்டும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.